புழுவுக்கு மருந்து அடித்தும் சாகவில்லையா? போத்தலில் பெயருக்குப் பின்னால் இருக்கிற எழுத்திலிருந்து தேடுங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் நிலாவெளியில் இருந்து குச்சவெளி வரைக்கும் வெங்காயம், சோளன் (மக்காச்சோளம்), கத்தரி, மிளகாய் என்று செய்கிற ஆட்களோடுதான் என் பழக்கம். எனக்கும் கும்புறுப்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டம் இருக்கிறது. ஒவ்வொரு போகத்திலும் ஒரே மாதிரித்தான் போன் வரும். "அண்ணே, மருந்து அடிச்சிட்டன், புழு அப்பிடியே நிக்குது, கடைக்காரர் வேற மருந்து தாறன் எண்டு சொல்லுறார், வாங்கட்டா?" நான் முதலில் கேட்பது, "போத்தல்ல பேருக்குப் பின்னால என்ன எழுத்துப் போட்டிருக்கு?" என்றுதான். பாதிப் பேர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள், போத்தலைத் தேடி ஓடுவார்கள். அந்த எழுத்தைத் தெரிந்துகொண்டு, எப்படிக் கலந்தது, எப்போது அடித்தது என்று இரண்டு கேள்வி கேட்டால் புது மருந்து வாங்காமலே முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுத்துகளை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். இ.சி. என்றால் எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைத்த மருந்து, தண்ணீரில் விட்டால் பால் போல வெள்ளையாகும். எஸ்.சி. என்றால் மிக நுண்ணியதாக அரைத்த மருந்து கூழ் மாதிரி மிதந்துகொண்டிருப்பது. டபிள்யூ.பி. தண்ணீரில் நனைகிற தூள். டபிள்யூ.ஜி. தண்ணீரில் விழுந்ததும் உடைந்து பரவுகிற குறுணி. எஸ்.ஜி. முழுதாகக் கரைந்துபோகிற குறுணி. ஜி.ஆர். கரைக்காமல் அப்படியே போடுகிற குறுணி. பி.ரி. என்பது புழுவின் வயிற்றில் வேலை செய்கிற பக்டீரியா மருந்து, தூளாகவும் குறுணியாகவும் வரும். இவ்வளவு போதும், இனி உங்கள் தோட்டத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி 1: அடித்து ஒரு நாள் ஆகிவிட்டது, புழு இன்னும் ஊர்கிறது

புழுவை விட்டுவிட்டு அதன் எச்சத்தைப் பாருங்கள். அடித்த மறுநாள் விடிய, தோட்டத்தில் நாலு மூலையிலும் நடுவிலுமாக ஒவ்வோர் இடத்தில் நாலைந்து செடி எடுத்து, ஈரமான பச்சை எச்சம் புதிதாக விழுந்திருக்கிறதா என்று தேடுங்கள். காய்ந்து கறுத்த எச்சம் பழையது, கணக்கில் எடுக்க வேண்டாம்.

புது எச்சம் இல்லை என்றால்: மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது, கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். எமமெக்டின் பென்சோயேட் (பெரும்பாலும் 5% எஸ்.ஜி.) தின்ற புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்திவிடும், ஆனால் செத்து விழ இரண்டு முதல் நாலு நாள் ஆகும். குளோரான்ட்ரனிலிப்ரோல் எஸ்.சி.யும் அப்படித்தான், வாய் கட்டிய பிறகு ஒன்றிரண்டு நாள் சுருங்கிக் கிடந்துதான் சாகும். பி.ரி.க்கு இரண்டு முதல் ஐந்து நாள். நோவலூரன், லுபெனியூரன், குளோபுளுவாசூரன் போன்றவை புழு தோலுரிக்கும்போதுதான் கொல்லும், அதனால் மூன்று நாளில் இருந்து ஒரு கிழமை வரைக்கும் போகலாம். பழைய காலத்து இ.சி. மருந்துகள் அடித்த அரை மணித்தியாலத்தில் புழு துள்ளி விழுந்ததைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தில் மறுநாளே இன்னொரு மருந்து வாங்கி அடிப்பதுதான் நம்மிடம் நடக்கிற பெரிய வீண்செலவு. எங்கள் மாமா ஒருவர் ஒரே கிழமையில் மூன்று மருந்து அடித்தார், முதல் மருந்தே கொன்றுவிட்டது, அவருக்கு அது கடைசி வரைக்கும் தெரியாது.

புது எச்சம் இருக்கிறது என்றால், செலவு குறைந்ததில் இருந்து போங்கள்:

புழு எவ்வளவு பெரிசு? விரல் நகத்தின் நீளத்தைத் தாண்டிய புழுவுக்கு பி.ரி.யும் தோலுரிக்கும்போது கொல்கிற மருந்துகளும் சரிவராது. அவை முட்டையில் இருந்து வந்த சின்னப் புழுவுக்கு. தவறான வயதில் சரியான மருந்து அடித்தால் மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

போத்தல் மூடியால் அளந்தீர்களா? இது மிக அதிகம். எல்லா மருந்துக்கும் "ஒரு மூடி" என்கிற கணக்கு இருக்கவே முடியாது, ஏனென்றால் ஒரே மருந்து வேறு வேறு செறிவில் வருகிறது. ஸ்பினோசாட்டை எடுங்கள், 2.5% எஸ்.சி. ஆகவும் உலகச் சந்தையில் உண்டு, 45% எஸ்.சி. ஆகவும் உண்டு, இரண்டுக்கும் நடுவில் 18 மடங்கு வித்தியாசம். போன போகம் வாங்கின போத்தலின் அளவை இந்தப் போகத்துப் போத்தலுக்குப் போடாதீர்கள். லேபிளில் உள்ள எண்ணைப் பார்த்து, மருந்தகத்தில் வாங்கிய ஊசி இல்லாத சிரிஞ்சால் திரவத்தையும், சின்னத் தராசால் குறுணியையும் அளவுங்கள். அந்த இரண்டையும் வேறு எதற்கும் எடுக்காமல் மருந்தோடு தனியாக வையுங்கள்.

தண்ணீர் போதுமா? 10 மீற்றருக்கு 10 மீற்றர் ஒரு சதுரம் அளந்து, வெறும் தண்ணீரை வழக்கம் போல் நடந்து அடித்து, எத்தனை லீற்றர் போனது என்று பாருங்கள். அதை 40 ஆல் பெருக்கினால் ஒரு ஏக்கருக்குரிய அளவு கிட்டத்தட்டச் சரியாக வரும். 5 லீற்றர் போனால் ஏக்கருக்கு 200 லீற்றர், 16 லீற்றர் டாங்கியில் பன்னிரண்டரை டாங்கி. ஏக்கருக்கு ஆறு டாங்கியோடு முடித்துவிட்டு மருந்து சரியில்லை என்று சொல்கிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பலர் அளவைக் குறைப்பது மருந்தின் விலைக்காக இல்லை, கூலிக்காகத்தான், அது எனக்கும் விளங்குகிறது, ஆனால் அரைகுறையாக நனைந்த செடியில் புழு நனையாத இலையைத் தேடிப் போய்விடும்.

அறிகுறி 2: டாங்கியில் ஊற்றும்போதே கோளாறு

இ.சி. ஊற்றினால் பால் போல வரவில்லை, மேலே எண்ணெய்ப் படலம் நிற்கிறது

ஒரு தெளிந்த பிளாஸ்ரிக் போத்தலில் ஒரு லீற்றர் தண்ணீர் எடுத்து, டாங்கிக்குப் போடும் அளவில் பதினாறில் ஒரு பங்கு விட்டு, மூடி, பத்துத் தடவை கவிழ்த்து, அரை மணி நேரம் வையுங்கள். அதையே குழாய்த் தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ இன்னொரு போத்தலில் செய்யுங்கள். மழைத் தண்ணீரில் பாலாகி, கிணற்றுத் தண்ணீரில் மட்டும் பிரிந்தால் பழி தண்ணீர் மேல். கடலோரக் கிணறுகளில் சிறுபோகத்தில் உவர் ஏறுவது நமக்குத் தெரிந்ததுதான். சவர்க்காரம் போட்டால் நுரை வராமல் தயிர் போலத் திரிகிற தண்ணீர் என்றால் இ.சி.க்கு அது ஆகாது. மழைத் தண்ணீர், குளத்துத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எது கிடைக்கிறதோ அதை மருந்துக்கு மட்டுமாவது கொண்டு வாருங்கள், ஏக்கருக்கு ஒரு பரல்தான் தேவை. குளத்துத் தண்ணீர் கலங்கலாக இருந்தால் தெளியவிட்டு வடித்து எடுங்கள், சில மருந்து சேற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு தண்ணீரிலும் பிரிந்தால் மருந்து பழுதாகிவிட்டது. தகரக் கொட்டிலில் வெயிலுக்குள் ஒரு வருடம் கிடந்த இ.சி. இப்படி ஆகும். முடிவுத் திகதியைப் பாருங்கள், தாண்டியிருந்தால் அடிக்க வேண்டாம். தாண்டவில்லை என்றால் பற்றுச்சீட்டோடு கடைக்குக் கொண்டு போங்கள்.

எஸ்.சி. போத்தலின் அடியில் களி போல உறைந்திருக்கிறது

முதலில் நன்றாகக் குலுக்குங்கள். எஸ்.சி. என்பது மிதக்கிற துகள், வைத்தால் படிவது அதன் சுபாவம். குலுக்காமல் ஊற்றினால் மேலே உள்ள தெளிந்த பகுதி முதல் டாங்கிக்குப் போகும், அடியில் உள்ள கட்டி கடைசி டாங்கிக்குப் போகும், முதல் பாத்தியில் புழு சாகாது, கடைசிப் பாத்தியில் காசு சாகும். இரண்டு நிமிடம் குலுக்கியும் அடியில் கட்டி கரையவில்லை என்றால் அந்தப் போத்தல் முடிந்தது. தடியை விட்டுக் கிண்டி அடிக்க வேண்டாம், நொசில் அடைக்கும்.

டபிள்யூ.பி. தூள் கட்டி கட்டியாக மிதக்கிறது

டாங்கிக்குள் நேரே கொட்டியிருப்பீர்கள். சின்ன வாளியில் கொஞ்சத் தண்ணீரில் பசை போலக் குழைத்து, பிறகு தண்ணீர் சேர்த்து, வடித்துத்தான் டாங்கியில் விட வேண்டும். குழைக்கும்போது காற்றுக்கு முதுகு காட்டி, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், இந்தத் தூள் மூச்சோடு போவதுதான் இதன் பெரிய ஆபத்து. டபிள்யூ.ஜி.யைக் குழைக்கத் தேவையில்லை, தண்ணீரில் தூவி இரண்டு மூன்று நிமிடம் விட்டால் தானே உடையும், அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் உடனே கிண்டி மூடிவிடுவதால்தான் அதுவும் அடைக்கிறது. எஸ்.ஜி. பக்கெட் ஒருதரம் வெட்டித் திறந்தால் நம்முடைய கடல் காற்றில் ஈரம் இழுத்துக் கட்டியாகும். மீதியை இறுக்கமாக மூடிய பக்கெட்டோடு சேர்த்து ஒரு டப்பாவில் அடைத்து, லேபிள் கிழியாமல் வைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டுங்கள்.

இரண்டு மூன்று மருந்து சேர்த்தபோது திரிந்துவிட்டது

வரிசை தவறியிருக்கலாம். டாங்கியில் பாதித் தண்ணீர், பிறகு தூளும் குறுணியும், கலக்கி முடித்து எஸ்.சி., அதற்குப் பிறகு இ.சி., மருந்தை இலையில் பரவவும் ஒட்டவும் வைக்கிற ஸ்டிக்கர் கடைசியில், பிறகு மீதித் தண்ணீர். இ.சி.யை முதலில் ஊற்றி அதன் மேல் தூளைப் போட்டால் தூள் எண்ணெயில் உருண்டு கட்டியாகும். வரிசை சரியாக இருந்தும் திரிந்தால் அந்த இரண்டும் சேராது, தனித்தனியாக அடியுங்கள். இதை டாங்கியில் கண்டுபிடிப்பதை விட மேலே சொன்ன ஒரு லீற்றர்ப் போத்தலில் கண்டுபிடிப்பது மலிவு. கடைக்காரர் "எல்லாத்தையும் ஒண்டா அடிக்கலாம்" என்று சொன்னாலும் அந்தப் போத்தல் பரிசோதனையைச் செய்யாமல் நான் அடிக்க மாட்டேன்.

அறிகுறி 3: இலையில் நிற்காமல் உருண்டு ஓடுகிறது

வெங்காயம் செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். வெங்காயத் தாளில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு, தாளும் நேர் நிலைக்கு நிற்கிறது, மருந்து முத்து முத்தாக உருண்டு மண்ணில் விழும். அடித்த உடனே தாளைக் கிட்டப் பாருங்கள். மெல்லிய படலமாக நனைந்திருந்தால் சரி, முத்தாக நின்றால் சரியில்லை.

இதில் எழுத்து முக்கியம். இ.சி.யில் எண்ணெயும் குழம்பாக்கியும் இருப்பதால் அது தானே ஓரளவு பரவி மெழுகுக்குள்ளும் இறங்கும், தனி ஸ்டிக்கர் பெரும்பாலும் தேவைப்படாது. எஸ்.சி., டபிள்யூ.ஜி., டபிள்யூ.பி., எஸ்.ஜி., பி.ரி. இவற்றுக்கு வெங்காயத்தில் ஸ்டிக்கர் மாதிரி ஒரு துணை வேண்டும். போன வருடம் வரைக்கும் இ.சி. அடித்துப் பழகி, இந்த வருடம் நல்ல எஸ்.சி. ஒன்றுக்கு மாறியவர் "விலை கூடின மருந்து, ஒன்றும் கேட்கவில்லை" என்று சொன்னால் எனக்கு உடனே இதுதான் ஞாபகம் வரும்.

துணையிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று பரவச் செய்வது, மற்றது மழைக்கு ஒட்டச் செய்வது. வெங்காயத்துக்கு முதலாவது தேவை, மாரியில் சோளனுக்கு இரண்டாவது தேவை. போத்தலில் எது என்று எழுதியிருக்கும், இரண்டையும் செய்வதும் உண்டு. உடுப்புத் தோய்க்கிற தூளைப் போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அளவு கொஞ்சம் கூடினாலும் தாள் நுனி கருகும்.

அதற்கு முதலே நொசிலைப் பாருங்கள், அதுதான் மலிவு. களைநாசினிக்குப் போடுகிற விசிறி நொசில் பெரிய துளியாக அடிக்கும், பெரிய துளி வெங்காயத்தில் நிற்காது. புழுவுக்குக் கூம்பு நொசில். பழைய நொசில் என்றால் ஒரு நிமிடம் அளவுக் கோப்பையில் பிடித்துப் பாருங்கள், புது நொசிலை விடப் பத்து வீதத்துக்கு மேல் கூட வந்தால் ஓட்டை தேய்ந்துவிட்டது. தூள் மருந்து அடிக்கிறவர்களுக்கு அது சீக்கிரம் தேயும். நொசிலை வாயால் ஊதாதீர்கள், பழைய பல் துலக்கும் தூரிகை ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 4: வெளியில் இருக்கிற புழு செத்துவிட்டது, உள்ளே இருக்கிறது தின்றுகொண்டே இருக்கிறது

இதைத்தான் நிறைய எழுத வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் காசு போகிறது.

சோளன் குருத்துக்குள்

2018 இல் படைப்புழு இலங்கைக்குள் வந்ததில் இருந்து சோளன் செய்கிறவர்களுக்கு நித்திரை இல்லை. முதலில் அதுதானா என்று பாருங்கள்: தலையில் தலைகீழான ஒய் எழுத்துப் போல வெள்ளைக் கோடு, வாலுக்குக் கிட்ட சதுரமாக நாலு கறுப்புப் புள்ளி. பகலில் குருத்துக்குள் இறங்கி, மேலே தன் எச்சத்தாலே அடைப்புப் போட்டுக்கொள்ளும். மரத்தூள் போன்ற அந்த அடைப்பைக் குச்சியால் விலக்கினால் கீழே இருக்கும்.

எப்போது அடித்தீர்கள்? காலை பத்து மணிக்கு என்றால் புழு கீழே, மருந்து மேலே. பொழுது சாய அடியுங்கள், அது மேலே வரும் நேரம் அதுதான். வெயிலில் சிதைகிற எமமெக்டினுக்கும் பி.ரி.க்கும் அதுவே நல்ல நேரம்.

எங்கே அடித்தீர்கள்? தோட்டம் முழுக்க இலையை நனைத்துக்கொண்டு போனால் குருத்துக்குள் போவது கொஞ்சம்தான். நொசிலைக் குருத்துக்கு நேர் மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து, உள்ளே தண்ணீர் தேங்கும் வரைக்கும் ஒவ்வொரு கன்றாகப் போங்கள். நேரம் எடுக்கும். கரைகிற எஸ்.ஜி.யும் துகள் நுண்ணிய எஸ்.சி.யும் தண்ணீரோடு கீழே வழிந்து போகும். தூள் மருந்து மேல் அடைப்பிலேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது.

எந்த வயதில் அடித்தீர்கள்? இலையில் ஜன்னல் மாதிரிச் சின்னச் சின்ன வெள்ளைத் தடம் தெரியும்போதே அடிக்க வேண்டும். பெரிய ஓட்டை தெரியும்போது புழு கடைசிப் பருவத்துக்கு வந்துவிட்டது, அது தின்கிற தீனியில் பெரும்பங்கைத் தின்பது அந்தக் கடைசி நாட்களில்தான்.

குறுணி போட்டுப் பார்க்கலாமா? குருத்துக்குள் போட என்று லேபிளில் எழுதியிருக்கிற ஜி.ஆர். என்றால் போடலாம், அது குருத்திலேயே நின்று பனியில் மெல்லக் கரையும். வயலுக்கு வாங்கின குறுணி மிச்சம் இருக்கிறது என்று கையில் அள்ளிச் சோளனில் போடாதீர்கள், அதை விழுங்குவது நீங்களும் உங்கள் ஆடு மாடும். அரை ஏக்கருக்குக் குறைந்த தோட்டம் என்றால் வெறும் மணலைக் குருத்துக்குள் ஒரு சிட்டிகை போடுவதும் கையால் நசுக்குவதும் இன்னும் பலன் தருகிற வேலைதான். கதிருக்குள் புகுந்துவிட்டதா? எந்த எழுத்துள்ள மருந்தும் அதற்குள் போகாது. அடிப்பதை நிறுத்துங்கள்.

வெங்காயத் தாளுக்குள்

குஞ்சுப் புழு தாளைத் துளைத்துக் குழாய்க்குள் போய்விடும். வெளியில் வெள்ளை வெள்ளையாகக் கண்ணாடி போலத் தடம் தெரியும், நகத்தால் கிழித்தால் உள்ளே பச்சைப் புழு இருக்கும். உள்ளே போன புழுவுக்கு இலையின் மேல் தோலில் மட்டும் நிற்கிற பி.ரி.யோ தொட்டால் கொல்கிற மருந்தோ எட்டாது. தோலைத் தாண்டி உள்ளே ஊறுகிற எமமெக்டின் ஓரளவு உதவும், அதுவும் பரவும் துணையோடு அடித்தால். அதை விட, பஞ்சு ஒட்டினது போல முட்டைக் கூட்டம் தாளில் இருக்கும்போதே காலையில் பாத்தியைச் சுற்றி வந்து அந்தத் தாளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முதல் இதைத்தான் செய்வார்கள், ஒரு முட்டைக் கூட்டத்தில் நூறு புழுவுக்கு மேல் போய்விடும்.

கத்தரித் தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும்

இதில் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். முட்டையில் இருந்து வந்த புழு சில மணி நேரத்தில் உள்ளே போய்விடும், அதன் பிறகு வெளியில் எதை அடித்தாலும் அது உங்கள் காய்க்குத்தான் படும், புழுவுக்கு இல்லை. வாடின நுனித் தண்டைக் கிழமைக்கு ஒருதரம் புழுவோடு வெட்டி எடுத்து எரியுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். ஓட்டைக் காயை வரப்பில் எறியாதீர்கள், அதில் இருந்துதான் அடுத்த தலைமுறை. ஆண் அந்துப்பூச்சிக்கு இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள், பொறியில் பூச்சி கூடும்போது பின்னேரத்தில் நுனிக் குருத்தும் இளங்காயும் நனைய அடித்தால்தான் மருந்து பிடிக்கும். நாளுக்கு நாள் காய் பறிக்கிற பயிர் இது. லேபிளில் அடித்த பிறகு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அடியுங்கள், அந்தக் கத்தரிக்காயைத் திருகோணமலைச் சந்தையில் வாங்குவது உங்கள் சொந்தக்காரராகவும் இருக்கலாம்.

அறிகுறி 5: ஒரு பக்கம் சுத்தம், ஒரு பக்கம் புழு

எந்தப் பக்கம் என்று நினைவுபடுத்துங்கள். டாங்கி தொடங்கின பக்கம் ஒரு மாதிரி, முடிந்த பக்கம் வேறு மாதிரி என்றால் மருந்து டாங்கிக்குள் படிந்திருக்கிறது. எஸ்.சி.யும் தூளும் தேநீர் குடிக்க நீங்கள் டாங்கியை இறக்கி வைத்த கால் மணி நேரத்திலேயே படியத் தொடங்கும். திரும்பத் தூக்கும்போது நன்றாக ஆட்டுங்கள். முழுதாகக் கரைந்த எஸ்.ஜி.க்கு இந்தக் கஷ்டம் இல்லை.

காற்று வந்த பக்கத்து வரிசையில் புழு மிச்சம் என்றால் தென்மேற்கில் இருந்து வீசுகிற கச்சான் காற்று மருந்தைக் கொண்டுபோய்விட்டது. சிறுபோகத்தில் பகல் முழுக்க அந்தக் காற்றுத்தான், விடிய வெள்ளென அல்லது காற்று இறங்கின பின்னேரம் தவிர வேறு நேரம் இல்லை.

ஒழுங்கே இல்லாமல் திட்டுத் திட்டாக என்றால் நொசில் இடையில் அடைத்திருக்கிறது, வடியையும் கைபிடிக்குள் இருக்கிற வடியையும் கழற்றிக் கழுவுங்கள். அடித்த பிறகு மேலிருந்து ஹோஸால் தண்ணீர் பாய்ச்சிய பாத்திகளும் இப்படித் தெரியும்.

அறிகுறி 6: செத்தது, ஆனால் நாலைந்து நாளில் திரும்பவும் புழு

இருபது புழு பிடித்து அளவைப் பாருங்கள். இந்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை, ஆனால் நிறையச் சொல்லும்.

எல்லாமே சின்னப் புழு: முட்டை புதிதாகப் பொரித்திருக்கிறது, அல்லது நீங்கள் அடித்த பிறகு வந்த புது இலையில் மருந்து இல்லை. மருந்து சரி. பி.ரி. வெயிலில் இரண்டு மூன்று நாளில் போய்விடும், வேப்பங்கொட்டைக் கரைசலும் அப்படித்தான், அவற்றை அடிக்கிறவர்கள் சின்ன இடைவெளியில் திரும்ப அடிக்க வேண்டும். குளோரான்ட்ரனிலிப்ரோல் எஸ்.சி. அதை விட நீண்ட நாள் நிற்கும்.

சின்னது, நடுத்தரம், பெரியது எல்லாம் கலந்து: அடித்ததே எல்லா இடத்திலும் படவில்லை. அறிகுறி 3, 5 க்குப் போங்கள். அல்லது மழை. ஐப்பசி, கார்த்திகையில் அடித்து இரண்டு மணி நேரத்தில் கொட்டினால் தூளும் பி.ரி.யும் கழுவிப் போய்விடும். இ.சி. இலைக்குள் சீக்கிரம் இறங்குவதால் கொஞ்சம் தாங்கும். மாரியில் ஒட்டும் ஸ்டிக்கர் இல்லாமல் தூள் மருந்தை எடுக்காதீர்கள்.

பெரிய புழு மட்டும்: தப்பிப் பிழைத்தவை. ஒளிந்திருந்து தப்பியதா, மருந்தைத் தாங்கித் தப்பியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியில், நன்றாக நனைந்த இலையில் உட்கார்ந்துகொண்டு நாலு நாளுக்குப் பிறகும் தின்கிற பெரிய புழு என்றால் அறிகுறி 8.

அறிகுறி 7: புழு செத்தது, இலையும் கருகிவிட்டது

இலை கருகாமல் சுருண்டு, மெலிந்து, முறுகி வந்தால் முதலில் டாங்கியை நினையுங்கள். வயலில் எம்.சி.பி.ஏ. போன்ற களைநாசினி அடித்த டாங்கியில் மிளகாய்க்கும் கத்தரிக்கும் மருந்து அடித்தால் அப்படி வரும். தம்பலகாமத்தில் வயலும் தோட்டமும் சேர்த்துச் செய்கிறவர்களிடம் இதை நான் பல தடவை பார்த்துவிட்டேன். களைநாசினிக்குத் தனி டாங்கி வைத்திருப்பது ஒரு போகத்து மிளகாயை விட மலிவு.

நுனியும் ஓரமும் கருகினால் இ.சி. மேல் சந்தேகப்படலாம். உச்சி வெயிலில், தண்ணீர் காணாமல் வாடி நின்ற செடியில் அடித்தீர்களா? இரண்டு இ.சி.யை ஒன்றாகக் கலந்தீர்களா? இ.சி.யோடு கந்தகமோ செம்பு கலந்த பங்கசு நாசினியோ போட்டீர்களா? வெப்பம் 35 பாகையைத் தொடுகிற நாட்களில் அதே மருந்து எஸ்.சி. ஆகவோ டபிள்யூ.ஜி. ஆகவோ கிடைத்தால் நான் அதைத்தான் வாங்குவேன். கருகின செடிக்கு உடனே எதையும் அடிக்க வேண்டாம், தண்ணீர் விட்டு ஒரு கிழமை பாருங்கள், புதுக் குருத்து சுத்தமாக வந்தால் தப்பிவிட்டது.

அறிகுறி 8: எல்லாம் சரியாகச் செய்தும் சாகவில்லை

கடைசியில் பார்க்க வேண்டியதை நாம் முதலில் நினைக்கிறோம், "புழுவுக்கு மருந்து பழகிப்போச்சு" என்று. பழகுவது உண்மைதான். ஆனால் பழகினதற்குப் பரிகாரமாக ஆட்கள் செய்வது பெரும்பாலும் அதே மருந்தின் வேறு போத்தலை வாங்குவது. எமமெக்டின் எஸ்.ஜி. கேட்கவில்லை என்று எமமெக்டின் இ.சி. வாங்கினால் புழுவுக்கு அது பழைய சாப்பாடுதான். எழுத்து மாறியிருக்கிறது, மருந்து மாறவில்லை. வேலை செய்கிற விதம் மாற வேண்டும், அதற்குக் குழு எண் (ஒரே விதத்தில் வேலை செய்கிற மருந்துகளுக்குக் கொடுத்த எண்) பார்க்க வேண்டும்: எமமெக்டின் 6, ஸ்பினோசாட்டும் ஸ்பினெட்டோரமும் 5, குளோரான்ட்ரனிலிப்ரோல் 28, இன்டொக்சாகார்ப் 22, மெத்தொக்சிபெனோசைட் 18, நோவலூரன், லுபெனியூரன், குளோபுளுவாசூரன் மூன்றும் 15, பி.ரி. 11. ஒரே எண்ணை அடுத்தடுத்த தலைமுறைப் புழுவுக்குத் திரும்ப அடிக்காதீர்கள்.

மருந்து போலியா என்ற கேள்வியும் இங்கேதான். லேபிளில் பீடைகொல்லிகள் பதிவாளர் கொடுத்த பதிவு இலக்கம் இருக்கிறதா, தமிழில் எழுதியிருக்கிறதா, மூடி முத்திரை உடையாமல் இருந்ததா என்று பாருங்கள். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிச் சட்டத்தின் கீழ் பதியாத மருந்தை விற்பதே குற்றம். கடல் வழியாக வந்தது, பாதி விலை என்று யாராவது நீட்டினால் அதில் என்ன எழுத்து இருந்தாலும் வாங்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த எழுத்து உத்தரவாதம் தராது.

இதற்கு மேல் நீங்கள் தனியாக முயலக் கூடாது. ஒரு தடவை சரியான அளவில், சரியான நேரத்தில், நன்றாக நனைய அடித்து, ஐந்து நாளுக்குப் பிறகும் புது எச்சம் விழுந்தால் கமநல சேவை நிலையத்தில் உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரைப் பாருங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 க்கு எடுங்கள். போகும்போது போத்தலும், பற்றுச்சீட்டும், ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீரும், ஓட்டை போட்ட மூடியுள்ள டப்பாவில் இலையோடு பத்து உயிர்ப் புழுவும், எந்தத் திகதி எது அடித்தீர்கள் என்று எழுதின துண்டும் கொண்டு போங்கள். வெறுங்கையோடு போய் "புழு சாகுதில்ல சேர்" என்றால் அவரும் பாவம் ஊகித்துத்தான் சொல்ல முடியும்.

அறிகுறி 9: அடித்தவருக்குச் சரியில்லை

தலைச்சுற்று, வாந்தி, வியர்வை, கண் எரிவு, மூச்சு முட்டல், கை கால் நடுக்கம், இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் டாங்கியை அந்த இடத்திலேயே இறக்குங்கள். காற்றுக்கு எதிராக நின்று அடித்தவருக்கும், சட்டையில் இ.சி. கொட்டினவருக்கும் இது அதிகம், இ.சி.யின் கரைப்பான் தோலுக்குள் மருந்தைச் சீக்கிரம் கொண்டுபோகும். உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு, நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கழுவி விடுகிறவர் கையுறை போட வேண்டும். வாய்க்குள் போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் மருந்து திரும்பி நுரையீரலுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசம். உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், "கொஞ்சம் படுத்தால் சரியாகும்" என்று விட வேண்டாம். போத்தலைப் பொலித்தீன் பையில் சுற்றி அவரோடு ஏற்றி அனுப்புங்கள். போத்தல் ஒழுகினால் லேபிளை மட்டும் போனில் படம் எடுங்கள், பெயரும் அதன் பின்னால் இருக்கிற எழுத்தும் வீதமும் தெரிகிற மாதிரி. என்ன மருந்து, என்ன கரைப்பான் என்று வைத்தியருக்கும் அதில் இருந்துதான் தெரிய வேண்டும்.